புளியடிவிளை டெக்னாலஜீஸ்

பெங்களூரு,
4 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்கா ஷீனாவுக்கு,

தம்பி சிபி எழுதுகிறேன். அம்மா, அப்பா, நீ மூவரும் சுகம்தானே? அப்பாவின் முட்டு வலி எப்படி இருக்கிறது? பசு கன்று போட்டுவிட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியதுமே உனக்கு விளங்கியிருக்கும், வேறு எதற்கோ ஏதோ ஆகிவிட்டதென்று. எனக்கு வேலை போய்விட்டது அக்கா. போன வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் வழியே ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பிரிவில் பாதிப் பேர் அந்தத் திரையில் இருந்தோம். அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கையைச் சுருக்கிவிட்டார்களாம், சந்தை படுத்துவிட்டதாம், எங்கள் உழைப்புக்கு மிகவும் நன்றியாம். மத்தியானத்துக்குள் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாசலில் காவலாளி என் குடையைப் பிரித்துப் பார்த்தார், கம்பெனிக் குடையாக இருக்குமோ என்று.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். நான் ஹலோ சொன்னால் அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு ஓமனா மாமி எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வீர்கள். வாட்ஸப்பில் போட்டால் உன் போனை நோண்டுவது அம்மாதான். அதனால்தான் நீ வேலை பார்க்கும் அக்ஷயா இ-சேவை மையத்து மெயிலுக்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பட்டினிக்குக்கூட எனக்குப் பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் போதகர் விண்ணப்ப ஜெபம் செய்வாரே, நோயாளிகளின் பெயர்கள் முடிந்தவுடன் ‘வேலையில்லாத பிள்ளைகளுக்காக’ என்று ஒவ்வொரு பெயராகச் சொல்வாரே, அதில் என் பெயர் வரக் கூடாது. ராபின்சனை நினைத்துப் பார். வருடக்கணக்கில் அவன் பெயர் அதில் வந்து வந்து, இப்போது ஊரில் அவனுக்கு விண்ணப்பம் ராபின்சன் என்றே பெயர். என் பெயர் இதுவரை நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கையில் மட்டும்தான் வந்திருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு ஒன்று, இன்ஜினியரிங்குக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. சபை மாதர் சங்கத்தில் அம்மா நிமிர்ந்து உட்காருவது அதை வைத்துத்தான். வேறு வேலை கிடைக்கும்வரை நீ மட்டும் அறிந்தால் போதும்.

உன் அன்புத் தம்பி,
சிபி


பாறசாலை,
6 செப்டம்பர் 2023

என் பிரியமுள்ள தம்பிக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. இங்கே மூவரும் சுகம். அப்பாவின் முட்டு மழைக்கு முனகுகிறது. பசு இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உன் மெயிலை வாசிக்கும்போது எதிரே ஒரு அம்மச்சி பென்ஷனுக்குக் கைரேகை வைக்கும் மஸ்டரிங்குக்கு உட்கார்ந்திருந்தாள். அவள் விரலை வைக்க வேண்டிய மெஷினில் என் விரலை வைத்துவிட்டேன். ‘என்னடி மக்களே, எனக்க பென்ஷன் ஒனக்கா?’ என்று கேட்டாள். சிரித்தேன். அவள் போன பிறகு அழுதேன். தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்பார்களே, அது இதுதான். அமெரிக்காவில் எவனோ கையைச் சுருக்கினால் பாறசாலையில் நான் மூக்கைச் சிந்துகிறேன்.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு அவள் மண்டூகம் இல்லை. நேற்று உன்னிடம் பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, ‘மக்கா, அவனுக்க சத்தம் ஒரு மாதிரி இருக்கே, சளியாக்கும் இல்லியா?’ என்றாள். சளிதான் என்றேன். உனக்குச் சளி, ஞாபகம் வைத்துக்கொள். சுக்கு காப்பி குடித்தாயா என்று கேட்பாள், குடித்தேன் என்று சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா ஷீனா


பெங்களூரு,
20 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். பசு கிடாரிக் கன்று போட்ட சேதி போனில் ஸ்பீக்கரோடு வந்து சேர்ந்தது. சளி போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்.

வேலைக்கு மெயிலில் விண்ணப்பம் அனுப்புவதெல்லாம் கிணற்றில் போட்ட கல். அதனால் வேறு வழி பார்த்திருக்கிறேன். நவம்பரில் இங்கே பெரிய தொழில்நுட்ப வர்த்தக மாநாடு ஒன்று நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் வரிசையாகக் கடை போட்டு உட்காருவார்கள். ஆளை நேரில் பிடித்து என் தகுதியைச் சொல்லலாம். பார்வையாளர் அட்டை இலவசம்.

ஆனால் அதற்குப் பதிவு செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கம்பெனியின் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் மேலே நகரவில்லை. கோடு போட்டேன், ஏற்கவில்லை. கடைசியில் கைக்கு வந்தது நம் வீட்டுப் பெயர்தான். புளியடிவிளை என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது. அந்தத் தைரியத்தில் கூடவே டெக்னாலஜீஸ் என்றும் சேர்த்தேன். பதவி, நிறுவனர். முகவரி, நம் வீட்டு முகவரியேதான். புளியமரத்தை வெட்டி வருடங்கள் ஆகியும் அதன் பெயரில் எனக்கு ஒரு கம்பெனி கிடைத்துவிட்டது.

அம்மா கேட்டால் மாநாட்டுக்குப் போகிறான் என்று மட்டும் சொல். அது பொய்யில்லையே.

அன்புடன்,
சிபி


பாறசாலை,
30 அக்டோபர் 2023

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

நாங்கள் சுகம். கன்றுக்கு அம்மா ரோசி என்று பெயர் வைத்திருக்கிறாள். நீ சுகம் என்று எழுது, ஆனால் உண்மையாக எழுது.

பொய்யில்லை என்றாயே, அந்தப் பொய்யில்லாததைத்தான் சொன்னேன். அம்மா கேட்டாள், ‘மாநாடா? கம்பெனிதான் அனுப்புகா?’ நான், ‘அவன் போறான்’ என்றேன். அவ்வளவுதான். நேற்று சபையில் போதகர் வாசிக்கிறார்: ‘பெங்களூரு தொழில்நுட்ப மாநாட்டில் பங்குபெறும்படி மகன் சிபிக்குக் கிடைத்த கிருபைக்காக, தாயார் ஆனந்தபாய் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை.’ நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊர் அதைத் தாழ்மை என்று நினைத்திருக்கும்.

சாயாக்கடை ராஜப்பன் அண்ணன் அதற்குள் உன்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டார். ‘கொள்ளாம் கேட்டியா, நம்ம சிபி உலகத்துல உள்ள ஆளுவளுக்கு ஒக்க கிளாஸ் எடுக்கப் போறான்’ என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்.

எனக்குக் கோபம்தான் சிபி. உன்மேலும் என்மேலும். போய் நல்லபடியாக ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு வா. அம்மா காணிக்கையை முன்கூட்டியே போட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்கா ஷீனா


பெங்களூரு,
13 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோருக்கும், ரோசிக்கும் என் விசாரிப்பு. நான் சுகம். உண்மையாகவே கால் மட்டும் வலிக்கிறது.

மாநாடு முடிந்தது. மைதானத்துக்குள் நம் சபைக் கட்டடத்தைப் பத்துத் தடவை வைக்கலாம், அவ்வளவு பெரிது. ஆனால் கடைகளில் பாதி காலி. காலியானது தெரியாமலிருக்கத் திரை போட்டு முன்னால் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். போகப் போகக் கடைகளைவிடத் தொட்டிகளே அதிகம். முன்பெல்லாம் பை, டீ சட்டை என்று வாரிக் கொடுப்பார்களாம். இந்த முறை ஒரு கடையில் எனக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது. மேடையில் ஒருவர் இது நெருக்கடி அல்ல, வாய்ப்பு என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எல்லோர் மடியிலும் என்னுடையதைப் போலவே ஒரு ஃபைல். அன்றைக்கு எங்களை அந்த மீட்டிங்குக்குக் கூப்பிட்ட மேலாளரும் அங்கே வந்திருந்தார், கழுத்தில் என்னைப் போலவே மஞ்சள் பார்வையாளர் அட்டை. என்னைக் கண்டதும் அட்டையைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.

ஹைதராபாத் கம்பெனி ஒன்றில் ஒரு பெண் மட்டும் என் விவரங்களைப் பொறுமையாக வாசித்தாள். கிறிஸ்துமஸுக்குள் கூப்பிடுவதாகச் சொன்னாள். என் நம்பிக்கை இப்போது அதில்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கடைசி வரிசையில், கழிப்பறை பக்கம், சின்னக் கடை. சர்வர் மெஷின் விற்கும் கம்பெனி. அங்கே ஒரு பையன் டை கட்டிக்கொண்டு தனியே நின்றான். நான் வேலை கேட்கத்தான் போனேன். அதற்குள் என் அட்டையை வாசித்துவிட்டான். இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவன் குதித்துவிட்டான். ‘சேட்டா, பாறசாலையா! நான் நெய்யாற்றின்கரையாக்கும், பேரு தீபு. பாறசாலையில டெக் கம்பெனி உண்டுண்ணு எனக்குத் தெரியாதே!’

‘புதுசாக்கும்’ என்றேன்.

‘எத்தற ஸ்டாஃப் உண்டு?’

‘நாலு பேரு.’ அப்பா, அம்மா, நீ, நான். பசுவைச் சேர்க்கவில்லை.

அவன் மெஷினைத் திறந்து மூடி எல்லாம் காட்டினான். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தான். சார் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘சேட்டா, ஊருக்காரன்ங்கிறதால சொல்லுகேன். இந்த வருஷம் முடியதுக்குள்ள ஒரு ஆர்டராவது கொண்டு போகேலண்ணா என்னையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க’ என்றான். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போனதிலிருந்து யாரும் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை அக்கா. எனக்கு அது பிடித்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் என் பெயரை ஆசையாக டேப்லெட்டில் குறித்துக்கொண்டான். நம்மைப் போல ஒருவனுக்கு இல்லாத ஆசையைக் காட்டிவிட்டேன் என்பதுதான் கால் வலியைவிடப் பெரிதாக வலிக்கிறது.

உடனே பதில் எழுது.

சிபி


பாறசாலை,
9 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மையத்தில் நெட் சரியில்லை, கூட்டமும் அதிகம். நாங்கள் சுகம்.

அந்தத் தீபுவைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்தேன்.

அம்மா உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாள். தேங்காய்ச் சம்மந்திப் பொடி, வெயிலில் காய்ந்த உணக்க மீன், ஏத்தங்காய் சிப்ஸ். மீனைத் தனியாக வை, அறை முழுக்க நாறும். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அக்கா ஷீனா


பெங்களூரு,
13 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நாடுவதும் அதுவே. பார்சல் வந்தது. மீனை அடுத்த அறைக்காரர்களும் மூக்கால் அனுபவித்தார்கள்.

இத்தனை வருடத்தில் அம்மா பார்சல் அனுப்பியதே இல்லையே. ‘பெங்களூருல கிட்டாத்த சாதனமா’ என்பாள். இப்போதெல்லாம் போனில் கம்பெனியைப் பற்றியும் கேட்பதில்லை. உண்டாயா என்று மட்டும் கேட்கிறாள், உண்டேன் என்ற பிறகும் கேட்கிறாள். வயதாகிவிட்டதோ?

ஹைதராபாத்துக்காரர்கள் இந்த வருடம் யாரையும் எடுக்கப் போவதில்லையாம். அந்தப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள், அதுவரைக்கும் நல்லவள். இருபத்திரண்டாம் தேதி வந்து சேருவேன். வெறுங்கையோடு வருகிறேன். ஆனால் சிரித்த முகத்தோடு வருவேன், நீயும் காட்டிக்கொடுக்காதே.

சிபி


பாறசாலை,
15 டிசம்பர் 2023

தம்பிக்கு,

சுகம். சீக்கிரம் வா. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏன் என்று கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தால் வழக்கம் போலப் பையன்களோடு வெளியே மாமரத்தடியில் நில். விண்ணப்ப ஜெபம் முடிந்து காணிக்கைப் பாட்டுக்கு உள்ளே வந்தால் போதும். முன்னாலேயே வந்தால் மாதர் சங்கத்துக்காரிகள் மாநாட்டைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொல்வார்கள்.

அக்கா


பெங்களூரு,
6 ஜனவரி 2024

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். புது வருடம் எல்லோருக்கும் சமாதானமாக இருக்கட்டும். வீட்டில் வாயைத் திறக்க முடியாமல் போனதை இங்கே வந்து எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் முழுக்க ஒருவரும் என் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ராஜப்பன் அண்ணன் சாயாவுக்குக் காசு வாங்கவில்லை, ‘கிறிஸ்மஸ் சாயா ஃப்ரீயாக்கும்’ என்றார். என் நடிப்பு அவ்வளவு பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். ஊரையே ஏமாற்றியவன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட.

முதல் ஞாயிறு நீ சொன்னபடி மாமரத்தடியில் நின்றேன். முப்பத்தொன்றாம் தேதி ராபின்சன் வந்து கையைப் பிடித்து இழுத்தான். ‘எலே, ராஜையா மாமாவுக்குத் தொண்ட கெட்டிப் போச்சு. அடிக்குரல் பேஸ் பாட ஆளில்ல, வா.’ நீ உள்ளே முதல் வரிசையில் இருந்தாய். நான் பாடகர் குழுவோடு ஏறுவதைக் கண்டதும் நீ எழுந்திருக்கப் பார்த்ததும், ஓமனா மாமி உன் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் எனக்குத் தெரிந்தது. அப்போது விளங்கவில்லை.

பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் கண்களை மூடினார்கள். பாடகர் குழு சபையைப் பார்த்து நிற்பதால் எல்லா முகமும் எனக்கு நேரே. போதகர் நோயாளிகளை முடித்துவிட்டு வேலையில்லாத பிள்ளைகளுக்கு வந்தார். ‘அஜிஷா, ராபின்சன், நெய்யாற்றின்கரை தீபு, சிபி.’

வேறு சிபி என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் ஒருவரும் திடுக்கிடவில்லையே அக்கா! ஒரு தலைகூட நிமிரவில்லை. பழகிய பெயரைக் கேட்பது போல எல்லா உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் இது முதல் தடவை இல்லை என்று விளங்கியது. அம்மாவைப் பார்த்தேன். முக்காட்டுக்குள் முகம் நனைந்திருந்தது. ஜெபம் முடிந்ததும் ‘கர்த்தாவே, எங்கள் விண்ணப்பத்தைக் கேளும்’ என்று நாங்கள் பாட வேண்டும். பேஸுக்கு நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் அடியில்லாத பாட்டாகிவிடும். பக்கத்தில் ராபின்சன் தன் காலால் என் காலை மெல்ல மிதித்தான். பாடினேன். எனக்காக நானே பாடினேன்.

வீட்டில் அம்மா மீன் பொரித்தாள். நான் தின்றேன். இரண்டாம் தேதி பஸ் ஏறினேன்.

நீ ஏன் சொல்லவில்லை? தீபுவின் பெயர் அங்கே எப்படி வந்தது? எனக்குக் கோபமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை.

சிபி


பாறசாலை,
8 ஜனவரி 2024

என் தங்கமான தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீ கோபமாக இருந்தாலும் சுகமாக இரு.

நெட் சரியில்லை என்று எழுதினேனே, நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, டை கட்டின பையன் ஒருவன் பைக்கில் நம் முற்றத்தில் வந்து இறங்கினான். ‘இது புளியடிவிளை டெக்னாலஜீஸ் தானே?’ என்று கேட்டான். ராஜப்பன் அண்ணன் கடையில் வழி கேட்டு வந்திருக்கிறான். அம்மா சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். ‘புளியடிவிளை இதுதான் மக்கா. டெக்னாலஜி ஒண்ணும் இல்ல, ஒரு பசுவும் கண்ணுக்குட்டியும் உண்டு’ என்றாள்.

அவன் டேப்லெட்டில் உன் பெயரைக் காட்டினான். அம்மா, அது என் மகன், ஆனால் அவன் இன்ன கம்பெனியில் அல்லவா வேலை பார்க்கிறான் என்றாள். அந்தப் பையனுக்குச் சூது தெரியாது. ‘அந்தக் கம்பெனியா? அங்க பாதிப் பேரையும் அனுப்பியாச்சே அம்மா’ என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு நடிக்க வராது என்று உனக்குத்தான் தெரியுமே.

வேறு யாராக இருந்தாலும் அவனை விரட்டியிருப்பார்கள். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, ‘நீ வல்லதும் தின்னியா மக்கா?’ என்று அவனிடம் கேட்டாள். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கொடுத்தாள். ஆர்டர் கிடைக்காது என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. குனிந்துகொண்டே தின்றான். போகும்போது அம்மா, ‘நான் சபையில சிபிக்க பேரு குடுக்கப் போறேன். ஒனக்க பேரும் குடுக்கட்டா?’ என்றாள்.

‘நாங்க அம்பலத்துல சாமி கும்பிடுக ஆளுவளாக்கும் அம்மா.’

‘வேல எல்லாருக்கும் வேலதானே மக்கா.’

அவன் சரி என்று தலையாட்டினான். டிசம்பரில் அவனுக்கும் வேலை போய்விட்டது.

மறுநாள் மாதர் சங்கத்தில் அம்மாவே எழுந்து நின்று சொன்னாள். ‘எனக்க மவனுக்கு வேல போச்சு. நான் ஸ்தோத்திரம் போட்டது அறியாமப் போட்டது. அவன் கிறிஸ்மஸுக்கு வரும்போ ஆரும் ஒண்ணும் கேக்கப்பிடாது. அவனா சொல்லட்டு.’ என்னிடமும் அதையே சொல்லிவிட்டாள். உனக்கு வாக்குக் கொடுத்த மாதிரி அவளுக்கும் கொடுத்தேன். இரண்டு வாக்குக்கும் நடுவில் நான்தான் பஸ் ஸ்டாண்டில் தொலைந்த பெட்டி மாதிரி கிடந்தேன்.

இனி எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது.

அக்கா ஷீனா


பெங்களூரு,
19 ஜனவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் சிபி எழுதிக்கொள்வது. உங்களுக்கும் அப்பாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ஓமனா மாமி பதில் சொல்லிவிடுவார்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

அம்மா, எனக்கு வேலை போய்விட்டது. செப்டம்பர் மாதமே போய்விட்டது. உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லி நீங்கள் கேட்கவில்லையே, அதனால் இப்போது சொல்கிறேன். மாநாட்டுக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. வேலை கேட்டுத்தான் போனேன். நம் வீட்டுப் பெயரை ஒரு கம்பெனி என்று எழுதிக்கொடுத்தேன். உங்களை மாதர் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்துவிட்டேன். என் பெயர் அந்த ஜெபத்தில் வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை நாள் அந்தப் பெயர்களைக் கேட்காமலிருக்க வெளியே மாமரத்தடியில் நின்றதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

தீபுவைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். ‘அதொண்ணும் சாரமில்ல சேட்டா, உங்க கம்பெனியில வேகன்ஸி உண்டா?’ என்று கேட்டுச் சிரித்தான். பிறகு வெகுநேரம் பேசினோம். எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று தெரிந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாக முடிவு.

அம்மா, என்னோடு வேலை போனவர்களில் இரண்டு பேருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபர்ஹானா, குல்கர்னி. போதகர் தப்பில்லாமல் சொல்வாரென்றால் அந்தப் பெயர்களையும் கொடுங்கள்.

உங்கள் மகன்,
சிபி


பாறசாலை,
10 பிப்ரவரி 2024

எனக்க மக்கா சிபிக்கு,

அம்மை எழுதுகேன். கர்த்தர் ஒன்ன காக்கட்டு. இஞ்ச எல்லாருக்கும் சொகந்தான். எனக்கு ஒங்க அக்காளப்போல எழுத்துத் தமிழு வராது, பேசுகதுபோல எழுதுகேன்.

ஒனக்க கடிதாசி வந்து கொஞ்ச நாளாச்சு. ரெண்டு மட்டம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். ஷீனா எழுதித் தாறேன்னா, வேண்டாம்னேன்.

பேரு ரெண்டும் குடுத்தேன். போதகரு குல்கர்னி பேர சொல்ல மூணு மட்டம் தொண்டையக் கனச்சாரு. சபையில ஆரும் சிரிக்கேல்ல. ராஜப்பனுக்க மருமவனுக்கும் துபாயில வேல போச்சாம், அவனுக்க பேரும் இப்ப வருகு. ராபின்சனுக்கு ஆசுபத்திரியில ஆம்புலன்ஸ் ஓட்டுக வேல கிட்டிச்சு. அவன் ஸ்தோத்திரம் போட்ட அண்ணைக்கு நான் எல்லாரும் திரும்பிப் பாக்க ஒறக்க ஆமென் சொன்னேன்.

நீ எழுதியிருக்க, பேரு வந்தது வெக்கமாப் போச்சுன்னு. நான் ராத்திரியும் பகலும் அதத்தான் நெனச்சேன். மக்கா, ஜெயிச்சா மட்டும் ஒனக்க பேரச் சொல்லுகதுக்கு நான் ஒனக்க அம்மையா, இல்ல ஒனக்க கம்பெனியா? நீ செப்டம்பர்லயே சொல்லியிருந்தா, நான் அந்த ஸ்தோத்திரம் போட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதான். வேற என்ன செய்திருப்பேன்? மீனுதான் பொரிச்சுத் தந்திருப்பேன்.

அண்ணைக்கு நான் கண்ண மூடிட்டுதான் இருந்தேன். ஒனக்க பேரு சொல்லி ஜெபம் முடிஞ்ச ஒடனே பாட்டு பாடுக கொயரு ஒரு கணம் சத்தமில்லாம நிண்ணுது. எனக்கு நெஞ்சு நிண்ணுபோச்சு. பெறவு ஒனக்க சத்தம் கேட்டுது. எல்லாருக்க சத்தத்துக்கும் அடியில, தனியா. அப்பதான் எனக்கு மூச்சு வந்துது.

ராஜையா அண்ணனுக்கு தொண்ட இன்னும் செரியாகேல. ஈஸ்டருக்கு பேஸ் பாட ஆளில்ல. வேல கிட்டினாலும் வா, கிட்டேலண்ணாலும் வா. மாமரத்தடியில ஒண்ணும் நிக்காண்டாம், நேரா உள்ள வா.

ஒனக்க அம்மை,
ஆனந்தபாய்